டாமை அடிவருடி என்று சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆங்கில இலக்கிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அடிமை முறையைப் பற்றி ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவல் பற்றிப் பேச்சு வந்தாலே, அதன் நாயகனான கறுப்பு அடிமையை, 'டாம் வெள்ளைக்காரனுக்கு அடங்கிப்போனவன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். நானும் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். பல வருஷம் கழித்து நாவலை முழுசாகப் படித்தபோதுதான் உறைத்தது.

கென்டக்கியில் பண்ணை எஜமான் ஷெல்பி கடனில் மாட்டிக்கொண்டு டாமையும், இன்னொரு அடிமையான எலைசாவின் சின்னப் பையன் ஹாரியையும் விற்கிறார். எலைசா அன்றிரவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். டாமின் மனைவி க்ளோயி, நீயும் போய்விடு என்கிறாள். வெளியே போய்வர அனுமதிச் சீட்டுகூட கையில் இருக்கிறது. டாம் போகவில்லை. தான் போனால் அந்தக் கடனுக்குப் பண்ணையில் மற்ற எல்லோரும் விலைபோவார்கள் என்பது அவர் கணக்கு. எஜமானின் நம்பிக்கையைக் கெடுக்கக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எலைசா ஓடுவது அவள் உரிமை என்று சொல்வதும் இதே டாம்தான்.

அப்புறம் நியூ ஆர்லியன்ஸ். அங்கே டாமை வாங்கிய செயின்ட் கிளேர், விடுதலை தருகிறேன் என்று சொன்னதும் டாம் முகத்தில் பொங்கும் சந்தோஷத்தைப் பார்த்து, அந்த நல்ல எஜமானுக்கே மனசு சுருங்கிவிடுகிறது. இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்கிறார். கந்தல் உடுத்தினாலும், குடிசையில் இருந்தாலும், அது என்னுடையதாக இருக்கட்டும் என்கிறார் டாம். இந்த இடத்தை வகுப்பில் யாராவது வாசித்துக் காட்டியதுண்டா? செயின்ட் கிளேரோ பத்திரத்தை முடிக்காமலே கத்திக்குத்தில் சாகிறார். அவர் மனைவி மேரி டாமை ஏலத்துக்கு அனுப்புகிறாள்.

ஏலத்தில் எடுத்த கொடூர எஜமான் லெக்ரியின் பருத்திப் பண்ணையில் ஒரு பெண்ணைச் சவுக்கால் அடிக்கச் சொன்னபோது டாம் மறுக்கிறார். லெக்ரியைக் கொன்றுவிடலாம் என்று அங்கே அடிமையாக இருந்த காஸி என்ற பெண் அழைத்தபோது அதற்கும் மறுக்கிறார். கொலை பாவம், ஆனால் முடிந்தால் தப்பித்துப் போ என்கிறார். அவளும் எம்மலின் என்ற இளம் அடிமைப் பெண்ணும் மறைந்த பிறகு, எங்கே என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்று லெக்ரியிடம் நேருக்கு நேர் சொல்லி, அதற்காகவே அடிபட்டுச் சாகிறார். அடிப்பவர்கள் சாம்போவும் குவிம்போவும், அதே பண்ணையின் கறுப்பு அடிமைகள். அடிவருடி வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள். அவர்களையும் அப்படிப் பழக்கியது லெக்ரிதான்.

ஸ்டோவிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எலைசாவின் கணவன், நிறம் வெளுத்த ஜார்ஜ் ஹாரிஸ் துப்பாக்கி எடுக்கிறான், கறுத்த டாம் ஜெபம் செய்கிறார். போதாததற்கு ஜார்ஜைக் கடைசியில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பிவைக்கிறார் ஸ்டோ. 1949-இல் கறுப்பு எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் ஒரு கட்டுரையில் இந்த நாவலைக் கிழித்துப்போட்டார். அதைப் பாடத்தோடு சேர்த்து நடத்துங்கள், சண்டை போடலாம். ஆனால் நீங்கள் சொல்லித்தரும் கூனிக்குறுகிய கிழவர், இந்தக் கதையை வைத்துப் போட்ட மேடை நாடகங்கள் செய்த பொம்மை. நாவலில் வரும் டாம் அகன்ற மார்பும் கைக்குழந்தையும் உள்ள திடகாத்திரமான ஆள்.

அடுத்த வினாத்தாளில் 'டாம் ஏன் ஓடவில்லை?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கையேடு இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்