பீனட் பட்டரும் 405 டாலரும்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நீதிக்குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். மடல் தமிழில் இருக்கிறது. படித்துச் சொல்ல உங்கள் தொகுதியிலேயே ஆள் கிடைப்பார்கள்.

1990களில் சிறைவாசிகளின் வழக்குகளைக் கேலி செய்ய ஒரு கதை சுற்றியது. வழவழ பீனட் பட்டர் கேட்டவனுக்குப் பருபருவென்று இருப்பதைக் கொடுத்துவிட்டார்களாம், அதற்காகக் கோர்ட்டுக்குப் போனானாம். ஜான் நியூமன் என்ற நீதிபதி அந்த வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சிறைக் கேன்டீனில் அவன் இரண்டு ஜாடி கேட்டிருக்கிறான். ஒன்று மாறி வந்தது. சரியானது வரும் என்று சொல்லிக் காவலர் அதை வாங்கிப் போனார். அன்றிரவே அவனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜாடி வரவில்லை, கணக்கிலிருந்து இரண்டரை டாலர் மட்டும் போய்விட்டது. வழக்கு அதற்குத்தான்.

சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் 1996 ஏப்ரலில் சிறைவாசிகளின் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது, அதிபர் கிளின்டன் கையெழுத்தோடு. காசில்லாத சிறைவாசியும் வழக்குக் கட்டணத்தை, இன்றைக்கு 350 டாலர், தவணையிலாவது கட்டியே தீர வேண்டும். மாத வரவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகும். சரி, அதைக்கூட விடுங்கள். மூன்று வழக்குகள் வீண் என்றோ, கெட்ட நோக்கம் என்றோ, சட்டப்படி நிற்காது என்றோ தள்ளுபடியாகிவிட்டால் அப்புறம் தவணையும் கிடையாது. பேஸ்பால் கணக்குதான், மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்; இங்கே அப்படித் தள்ளுபடியாகும் ஒவ்வொரு வழக்கும் ஒரு ஸ்ட்ரைக். இன்றைய கணக்கில் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 405 டாலரை முழுசாக முன்னாலேயே வைக்க வேண்டும். கூட்டாட்சிச் சிறையில் சாதாரண வேலைக்குக் கூலி மணிக்கு 12 முதல் 40 சென்ட். உச்சக் கூலியே வாங்கினாலும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். டெக்சாஸில் பெரும்பாலான வேலைக்கு அந்தச் சில்லறையும் இல்லை.

வீண் வழக்கே இல்லை என்று நான் வாதாடவில்லை, நிறையவே உண்டு. ஆனால் எது ஸ்ட்ரைக் என்று பாருங்கள். 2020-ல் லோமாக்ஸ் என்ற சிறைவாசியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி நிற்காது, ஆனால் 'புதிதாக மறுபடி போடலாம்' என்று தள்ளுபடியான வழக்கும் கணக்கில் சேரும் என்றது. வக்கீல் இல்லாமல் தானே மனு எழுதுகிறவன் தப்பு விடாமல் இருப்பானா? நீதிமன்றத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சட்டத்தின் வாசகம் அப்படி என்றார்கள், அந்த வாசகம் நீங்கள் எழுதியது.

மூன்று ஸ்ட்ரைக் விழுந்தவனுக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறீர்கள்: உடலுக்குப் பெரும் ஆபத்து நெருங்கி நிற்க வேண்டும். போன மாதம் அடித்து உடைத்த தாடை அதில் வராது, அடி இனியும் விழும் என்று காட்ட வேண்டும். பிரித்துப் படித்த கடிதத்துக்கும், தடுத்த தொழுகைக்கும் அதில் இடமே இல்லை.

முழுச் சட்டத்தையும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. மறுபடி போடலாம் என்று நீதிபதியே சொல்லித் தள்ளுபடி செய்த வழக்கு ஸ்ட்ரைக் ஆகாது என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டில் வரி கட்டும் ஒரு தமிழன்