முகப்பில் ஒருவர் உட்காரட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. நெசவாளர் சங்கத்துக்கு அந்தப் பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பு வாடகைக்குக் கிடைக்கும்போல, கடை போடலாமா என்று கேட்டிருந்தாய். போன சனிக்கிழமை ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த நேரமெல்லாம் உன் நினைப்புதான்.

இங்கே அமெரிக்காவில், வட கரோலினா மலையில், புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையோரம், வெள்ளைவெளேரென்று ஒரு பெரிய பங்களா. கிரீன்ஸ்பரோவில் ஜீன்ஸ் துணி மில் நடத்திய மோசஸ் கோன் 1900 வாக்கில் கட்டியது. ‘டெனிம் ராஜா’ என்பார்களாம் அவரை. பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவியும் காலமான பின் வீடு தேசியப் பூங்காத் துறையிடம் வந்தது. 1951 முதல் மலைக் கைவினைஞர்களின் சங்கம் அங்கே கடை நடத்துகிறது. சதர்ன் ஹைலேண்ட் கிராஃப்ட் கில்டு என்று பெயர், 1930இல் தொடங்கியது. மில் முதலாளி வீட்டுக் கூடத்தில் கைத்தறிச் சால்வை தொங்குகிறது, யோசித்துப் பார்!

வாசல் தாழ்வாரத்தில் ஒரு பெரியவர் கூடை முடைந்துகொண்டிருந்தார். ஓக் மரச் சிம்பை முழங்காலில் போட்ட தோல்மேல் வைத்துக் கத்தியால் சீவுவார், விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார், மறுபடி சீவுவார். பத்து நிமிடத்தில் ஒரே சிம்புதான். பார்த்து நின்றவர்கள் உள்ளே போய் விலைச்சீட்டைப் பார்த்தபோது யாரும் பேரம் பேசவில்லை. சீட்டில் செய்தவர் பெயரும் இருந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் பொருள் வைத்துவிட முடியாது. சங்கத்தில் சேரவே வேலைப்பாட்டைக் கொண்டுவந்து காட்டித் தேற வேண்டும்.

உங்கள் அம்மா நெய்த கண்டாங்கிச் சேலை எத்தனை ஊருக்குப் போயிருக்கும்! ஒன்றிலாவது அவர் பெயர் உண்டா? என்னால் இதை ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை.

அதனால் கடையைப் போடு. வண்ணம் அடிப்பதும் விளக்கு மாட்டுவதும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் முகப்பில் ஒரு தறியைப் போட்டு, ஒருவரை நெய்ய உட்கார வை. ஒவ்வொரு சேலையிலும் நெய்தவர் பெயரைக் கட்டு. விசைத்தறிச் சேலையை யார் சிபாரிசில் கொண்டுவந்தாலும் உள்ளே விடாதே. உங்கள் சங்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், சரி, பரவாயில்லை.

நாள் குறித்ததும் எழுது. அம்மா பெயர் கட்டிய முதல் சேலை எனக்கு, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் தோழி