கட்டுரைகளில் விட்டுப்போன நன்றிகள்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

இந்த மே மாதத்தோடு விலங்கியல் துறையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவு உபசார விழாவில் பேசச் சொன்னபோது, மேடையில் இருந்தவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்கே நேரம் சரியாகப் போய்விட்டது. நிர்வாகம், முதல்வர், துறைத் தலைவர், பல்கலைக்கழக மானியக் குழு, வனத்துறை. என் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியிலும் இதே வரிசையைத்தான் போட்டிருக்கிறேன். பணம் கொடுத்தவர்களுக்கும் அனுமதி கொடுத்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. வளையைக் காட்டிக் கொடுத்தவருக்கும், பாட்டிலோடு என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டவருக்கும், இரவில் ஆய்வகத்தைத் திறந்து விட்டவருக்கும் இடம் இருந்ததில்லை. இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, திருப்போரூர்ப் பக்கத்து இருளர் அண்ணனுக்கு.

முனைவர் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்டது ஓணான்களின் இனப்பெருக்கம். பாம்பைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டிலுக்குள் வெளுத்துப்போய்க் கிடந்தவைதான். ஓணானைத் தேடிப் புதர்க்காட்டில் அலைந்தபோது, "சார், நீங்க பாக்குற இடத்துல அது இருக்காது" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார் அண்ணன். அன்று தொடங்கியதுதான் என் பாம்புப் படிப்பு. வளை வாயில் சிலந்தி வலை இருந்தால் உள்ளே இப்போதைக்கு யாரும் போகவில்லை. மண் வழவழவென்று தேய்ந்திருந்தால் கடப்பாரையை மெதுவாகப் போட வேண்டும். வரப்பில் கிடக்கும் பாம்புச் சட்டையைக் கையில் எடுத்ததுமே சாரையா விரியனா என்று சொல்லிவிடுவார். நானோ நடு உடம்பில் செதில் வரிசையை எண்ணுவேன். சாரைக்குப் பெரும்பாலும் 17 வரிசை, கண்ணாடி விரியனுக்கு 27 அல்லது அதற்கும் மேலே. நான் எண்ணி முடிப்பதற்குள் அவர் அடுத்த வயலில் இருப்பார். விடை என்னவோ ஒன்றாகத்தான் இருக்கும்.

அவருடைய அப்பா காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம் இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976-ல் தோல் ஏற்றுமதியும் நின்றபோது நிறைய குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகுதான் அதே திறமை வேறு வேலைக்குப் பயன்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, மண்பானையில் வைத்து, சில வாரங்கள் விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளில் பெரும் பங்கு இங்கிருந்து போனது. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவித்த அன்று துறையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். எனக்கே கிடைத்திருந்தால்கூட அவ்வளவு லட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் பாட்ரிக் ரஸ்ஸல் இருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையில் வேலை பார்த்த மருத்துவர். 1796-ல் இப்பகுதிப் பாம்புகளைப் பற்றிப் படங்களோடு எழுதினார். உள்ளூர்க்காரர்கள் சொன்ன பாம்புப் பெயர்களை எல்லாம் கேட்டுப் பதிந்து வைத்தார், அதற்காக அவரை மெச்சலாம். ஆனால் அந்தப் பெயர்களைச் சொன்னவர்களின் பெயர்? இருநூறு வருடம் கழித்து என் கட்டுரைகளும் அந்த வழக்கத்தை அப்படியே தொடர்ந்தன. அண்ணனை இணை ஆசிரியராகச் சேர்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "அதுல எனக்கு என்ன சார், கூலியச் சரியா குடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அடுத்தது எங்கள் ஆய்வக அட்டெண்டர் அண்ணன். பார்மலின் நெடியில் கண் எரிய எரிய வேலை பார்த்தவர். பாட்டிலில் ஸ்பிரிட் குறைந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். லேபிளைப் பேனாவில் எழுதிக்கொண்டு போய் நீட்டுகிற மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார், ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும், பென்சிலில் எழுது என்று. எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரியாத பாம்பு பாட்டிலில் இருந்து பிரயோஜனமில்லை என்பது ஆய்வுலகத்தின் பாலபாடம். அதை எங்கள் துறையில் காப்பாற்றியவர் பத்தாவதோடு படிப்பை விட்ட இந்த மனிதர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் ஏறியபோது, தன் வீட்டிலும் தண்ணீர் என்று தெரிந்தும், கீழ்த்தட்டுப் பாட்டில்களை ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டுபோனார். எங்கள் சேகரிப்பில் ஓணான் வரிசை முழுசாக இருப்பது அதனால்தான்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது, செய்முறை வகுப்புக்கு ஓணான் ஏற்பாடு செய்வது. அந்தக் காலத்தில் பி.எஸ்ஸி. மாணவர்கள் தவளையையும் ஓணானையும் அறுத்துத்தான் உடற்கூறு படித்தார்கள். ஊர்ப் பையன்கள் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து வருவார்கள். (களத்தில் பல்லி இனங்களைப் பிடிக்க உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் நீளக்கழியில் சுருக்குப் போட்டுத்தான் பிடிக்கிறார்கள், எங்கள் பையன்கள் யாரிடமும் பயிற்சி எடுக்கவில்லை!) 2014-ல் மானியக் குழு அறுவையை நிறுத்தச் சொன்னபோது சக ஆசிரியர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. அதற்குப் பல வருடம் முன்பே ஒரு மாணவி, வயிற்றில் முட்டையோடு இருந்த ஓணானைத் தட்டில் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்து, "சார், இது முட்டை போடுறதப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியுமே" என்றாள். பிறகு நாங்கள் கல்லூரி வேலி ஓரத்திலேயே பார்க்க ஆரம்பித்தோம். மழைக்குப் பிறகு பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடி, தலையால் தட்டி இறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். பாடப்புத்தகத்தின் படத்தைவிட அது மாணவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மாணவி இப்போது ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. அம்மா, உனக்கு என் நன்றி.

தமிழ்வழி மாணவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. கடலாமை முட்டை இருக்கும் மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்பதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். "அப்ப குரோமோசோம் எதுக்கு சார்?" என்று, ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்தான் முடிவு செய்கிறது என்று படித்திருந்த பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்த நாளிலிருந்து அந்தப் பாடத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. அந்த செட்டில் சிலர் சென்னையில் 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைக் குழுவோடு இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்துவிட்டு, மறுநாள் என் வகுப்பில் தூங்குவார்கள். நான் எழுப்பியதில்லை.

அப்புறம், அரசு மருத்துவமனை செவிலியர் அக்கா. பாம்புக் கடியில் வருகிறவர்கள் அடித்த பாம்பை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள், அடையாளம் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கட்டுவிரியன் என்று பயந்து கொண்டுவந்தது வெள்ளிக்கோல் வரையனாக இருக்கும், விஷமில்லாதது. கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவில் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசை ஓடும், வரையனுக்கு அது கிடையாது. வரையனுக்குக் கழுத்தில் தடித்துத் தொடங்கும் பட்டைகளும் வாலுக்குப் போகப் போக மங்கிவிடும். இதை நான் பெருமையாக விளக்கியபோது அக்கா சொன்னார்: "பாம்பு எங்களுக்கு வேண்டாம் சார். ஆளைச் சீக்கிரம் கொண்டுவந்தா போதும்." விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பதையும், இமை தொங்குகிறதா என்று பார்ப்பதையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கிராமக் கூட்டங்களில் நான் பேசிய பேச்சு அன்றோடு மாறியது. அதுவரை பாம்பை அடையாளம் காண்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தேன், பிறகு கட்டுப் போடாதே, கீறாதே, 108-ஐக் கூப்பிடு என்று பேசினேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியில் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இனி எண்ணிக்கையாவது ஓரளவு உண்மையாகத் தெரியும். அக்கா வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

வனக் காப்பாளர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. அனுமதிக் கடிதம் வர எவ்வளவு தாமதமானாலும், வந்த பிறகு எங்களோடு நடந்தவர்கள் அவர்கள்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய மாதிரிகளைப் பார்க்க விட்டவர்களுக்கும், கட்டுரையில் என் ஆங்கிலத்தைத் திருத்திய முகம் தெரியாத மதிப்பாய்வாளர்களுக்கும் நன்றி. பையில் என்ன என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்ட பிறகும் இறக்கிவிடாத கல்பாக்கம் பஸ் நடத்துநருக்கும்.

என் மனைவிக்கு என்ன சொல்வது? ரோட்டில் அடிபட்டுச் செத்த பாம்புகளை ஆய்வகம் திறக்கும்வரை வைக்க எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்தான் இருந்தது. தயிருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பது மட்டுமே அவளுடைய நிபந்தனை. பிள்ளைகளின் பள்ளி விழாக்கள் பலவற்றுக்கு அவள் தனியாகப் போனாள். இதை எல்லாம் அவள் எனக்கு நினைவூட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், அதற்கும் நன்றி.

பாட்டில்கள் துறையிலேயே இருக்கும். களக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து நூலகத்தில் கொடுத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். புதன்கிழமைகளில் மதியம் ஆய்வகத்தில் இருப்பேன். ஐப்பசி மழை தொடங்கியதும் வீட்டுக்குள் பாம்பு என்று போன் வரும், எனக்குத் தெரியும். தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் அடித்துப்போட்டுவிட்டு இது என்ன பாம்பு சார் என்று கேட்காதீர்கள். தள்ளி நின்று முதலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பாம்பு வாத்தியார்,
செங்கல்பட்டு