டிக்கெட்டில் அந்த ஒரு வரி

அன்பு நண்பா,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த டிக்கெட் மாதிரியும் கிடைத்தன. உன் நாடகக் குழுவுக்கு 25 வயது! முதல் ஒத்திகைக்கு நாற்காலி இழுத்துப் போட்டவன் நான் என்பதால் எனக்கும் அதில் கொஞ்சம் உரிமை உண்டு. முழங்கால் வலி குறைந்துவிட்டது. கேமராப் பை மறுபடி தோளுக்கு ஏறிவிட்டது.

டிக்கெட் அழகாக இருக்கிறது. கடைசி வரி மட்டும் வேண்டாம்: "அரங்கினுள் எடுக்கப்படும் படங்கள் அனைத்தும் குழுவுக்கே சொந்தம்."

இப்படி ஒரு வரியால் போன வருடம் நான் பட்ட வேதனையை உனக்குச் சொல்லவில்லை. ஒரு நடன நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்துப் போயிருந்தேன். படம் எடுக்கத் தடையில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது, ஆடிய அம்மா மேடை விளிம்பில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன், பிரதியும் அனுப்பினேன். அவர் ஆசையாகத் தன் பக்கத்தில் பகிர்ந்தார். மூன்று மாதம் கழித்து அதே படம் ஏற்பாட்டாளர்களின் போஸ்டரில், ஓரங்கள் வெட்டப்பட்டு, என் பெயர் இல்லாமல். கேட்டால் டிக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "படத்தை அவர்களுக்கு விற்றுவிட்டீர்களா?" என்று அந்த அம்மா கேட்டாரே, அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படத்தின் மீதான உரிமை, அதாவது பதிப்புரிமை, பொதுவாக எடுத்தவருக்கு எடுத்த கணத்திலேயே வந்துவிடுகிறது. எங்கும் போய்ப் பதிய வேண்டாம். பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து 1886இல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையை 1908இல் பெர்லினில் திருத்தியபோது இது உறுதியானது. அரங்கு யாருடையது, விழாவை யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் இதில் சேராது.

அப்படியானால் ஏற்பாட்டாளருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வழியாக வருகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. அங்கே படம் எடுக்கும் தனி உரிமையை, அதை நடத்திய சங்கத்தினர் ஒரு பத்திரிகைப் பட நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆனால் வேறொரு புகைப்படக்காரரும் உள்ளே போய் எடுத்தார். அவருடைய படங்கள் நாய்களுக்கென்றே வந்த ஒரு பத்திரிகையில் வெளியாகவிருந்தன. நிறுவனம் தடை கேட்டு நீதிமன்றம் போய், 1916இல் தோற்றது. 1917இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒரு காட்சியைப் படம் பிடிக்கும் உரிமை என்று தனியாக ஒரு சொத்து கிடையாது, உள்ளே விடும்போதே 'படம் எடுக்கக் கூடாது' என்று நிபந்தனை போட்டிருக்கலாமே, சங்கம் போடவில்லையே என்றார்கள் நீதிபதிகள். நூறு வருடத்துக்கு மேலாகியும் எனக்கு இதுதான் தெளிவான பதிலாகத் தெரிகிறது. வாசலில் விதி வைக்க உனக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தால் என் படம் உன்னுடையதாகிவிடாது.

நிபந்தனையாகவே உரிமையை எழுதி வாங்கிவிடலாம் என்று உன் குழுவில் யாராவது சொல்வார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழா அதைச் செய்துபார்த்தது. விதியை மீறி இணையத்தில் போட்டால் அந்தப் படத்தின் பதிப்புரிமையே விழா நடத்துபவர்களுக்குப் போய்விடும் என்பது அப்போதைய டிக்கெட் நிபந்தனை. வந்தவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் 2009இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு இதைக் கடுமையாகக் கண்டித்தது. இன்னொன்று: பதிப்புரிமை கைமாற வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். டிக்கெட்டின் பொடி எழுத்து அதற்கு ஈடாகுமா என்று யோசித்துப் பார்.

சரி, உனக்கு உண்மையில் என்ன தேவை? நாடகம் நடக்கும்போது ஃப்ளாஷ் கூடாது, வீடியோ கூடாது. இரண்டும் நியாயம். நாடகத்தை எழுதியவருக்கும் நடிப்பவர்களுக்கும் தனி உரிமை இருக்கிறது. இதை டிக்கெட் வாங்கும் முன்பே கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடு. முடிந்து வணங்கும்போது எடுக்கலாம் என்று ஒரு வரி சேர். யாராவது எடுத்த நல்ல படம் உனக்கு வேண்டுமானால் அவரிடம் கேள், பெயர் போடு. பெரும்பாலானோர் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். படத்தில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு, குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

அப்புறம், நீ சம்பளம் பேசியிருக்கும் போட்டோகிராபர். காசு கொடுத்ததாலேயே படம் உனக்கு என்று நினைக்காதே. சில நாடுகளில் கொடுத்தவருக்கு, பல நாடுகளில் எடுத்தவருக்கு. எந்தப் படத்தை எங்கே, எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவிடம் பிறகு போஸ்டர் விஷயத்தை விளக்கினேன். புரிந்துகொண்டார். உன் விழாவுக்கு அவரையும் அழைத்து வரலாமா? டிக்கெட்டைத் திருத்தி அனுப்பு, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நாற்காலித் தோழன்