மெமரி விண்டோ திறந்திருந்தால் பைட் காணாமல் போகிறது: டீபக்கர் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
சுயதொழில் ஃபர்ம்வேர் பொறியாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பாயிண்டர் காட்டும் ரெஜிஸ்டரை உங்கள் டீபக்கர் கேட்காமலே படித்து, வந்த டேட்டாவை அழித்துவிடுவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

புரோகிராமில் பிழை தேட உதவும் உங்கள் டீபக்கர் மென்பொருளையும், அதைச் சிப்போடு இணைக்க உடன் வரும் ப்ரோப் என்ற கருவியையும் ஓராண்டு லைசென்ஸோடு வாங்கியிருக்கிறேன். பில் நகலை இணைத்துள்ளேன். இந்தப் பிரச்சினையைப் பற்றி உங்கள் சப்போர்ட் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதினேன். பாயிண்டர், அதாவது மெமரியில் ஓர் இடத்தின் அட்ரஸை வைத்திருக்கும் மாறி, சரியான அட்ரஸைக் காட்டுகிறதா என்று பார்க்கும்படியும், மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவும்படியும் பதில் வந்தது. மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று. பாயிண்டர் சரியான இடத்தைத்தான் காட்டுகிறது. அந்தச் சரியான இடத்தில் உங்கள் டீபக்கர் செய்யும் வேலைதான் என் புகார்.

என் போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 சிப். அதில் வெளிக்கருவிகளோடு டேட்டா பரிமாறும் யூசார்ட்1 பகுதியின் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) ஹெக்ஸ் 40013800 என்ற அட்ரஸில் தொடங்குகின்றன. முதலில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர், 4 பைட் தள்ளி டேட்டா ரெஜிஸ்டர். வெளியிலிருந்து ஒரு பைட் வந்ததும் ஸ்டேட்டஸில் ஆர்எக்ஸ்என்ஈ என்ற பிட் 1 ஆகும். டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தவுடன் அது தானாக 0 ஆகிவிடும். படித்தது சிபியுவா, ப்ரோபா என்று சிப் பார்ப்பதில்லை. சிப்பின் ரெஃபரன்ஸ் மேனுவலிலேயே உள்ள நடத்தை இது, அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

இப்போது, மெமரியில் இருப்பதைத் திரையில் காட்டும் உங்கள் மெமரி விண்டோவுக்கு வருகிறேன். யூசார்ட்டின் பாயிண்டரை அதில் கொடுத்தால், அந்த அட்ரஸிலிருந்து 256 பைட்டை மொத்தமாக அள்ளிக்கொண்டு வருகிறது. டேட்டா ரெஜிஸ்டரும் அதற்குள்தான் இருக்கிறது. பைட் வந்ததும் தானாக ஓடும் இன்டரப்ட் ஃபங்ஷனின் முதல் வரியில், புரோகிராமை நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு, கணினியிலிருந்து ஒரே ஓர் எழுத்தை அனுப்பிப் பாருங்கள். புரோகிராம் நிற்கும், விண்டோ தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அந்த எழுத்து திரையிலும் தெரியும். அப்புறம் ஓடவிட்டால், என் புரோகிராம் ஸ்டேட்டஸைப் பார்க்கும்போது ஆர்எக்ஸ்என்ஈ 0. எதுவும் வரவில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறது. விண்டோவை மூடிவிட்டு இதையே செய்தால் எழுத்து பத்திரமாக வந்து சேர்கிறது. உங்கள் பொறியாளர்கள் எந்த மேசையிலும் இதைச் செய்து பார்க்கலாம், என் போர்டு தேவையில்லை.

நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது மட்டும் நடந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஓடும்போதே விண்டோவைப் புதுப்பிக்கும் வசதியை நீங்கள் பெருமையாக விளம்பரம் செய்கிறீர்கள். என் சிப்பைப் போன்ற கோர்ட்டெக்ஸ்-எம் சிப்களில் சிபியுவை நிறுத்தாமலே, ப்ரோபை இணைக்கும் எஸ்டபிள்யூடி வழியாக மெமரியைப் படிக்க முடியும், நல்ல வசதிதான். ஆனால் அது இயங்கிக்கொண்டிருந்தபோது கருவிகள் பேசிக்கொள்ளும் மாட்பஸ் முறையில் வரும் என் செய்தி ஃபிரேம்களில் எப்போதாவது ஒரு பைட் குறைந்தது. ரெஜிஸ்டர் படிக்கக் கேட்கும் கோரிக்கை 8 பைட் வரவேண்டிய இடத்தில் 7 வந்தால், பிழை கண்டறியச் சேர்க்கும் சிஆர்சி எண் பொருந்தாது, கருவி பதிலே தராது. நான் அந்தச் செய்திகள் ஓடும் ஆர்எஸ்-485 கேபிளை மாற்றினேன், அதன் முனையில் உள்ள 120 ஓம் டெர்மினேஷனைச் சரிபார்த்தேன், சிக்னலை அனுப்பிப் பெறும் டிரான்ஸீவரைக் கழற்றி வேறு போட்டேன். என் வாடிக்கையாளர் போர்டு டிசைனையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். கடைசியில் குற்றவாளி, பிழையைக் கண்டுபிடிக்க நான் காசு கொடுத்து வாங்கிய கருவி!

இன்னொன்று. விண்டோ திறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எடிட்டரில் அந்த பாயிண்டரின் மேல் மவுஸ் போய் நின்றாலே போதும், டூல்டிப்பில் அதை விரித்து உள்ளே இருக்கும் எல்லா ரெஜிஸ்டரையும் படித்துக் காட்டுகிறீர்கள். மவுஸை எங்காவது வைத்துத்தானே ஆகவேண்டும்?

இதைத் தவிர்க்க வழியே இல்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிடிபி டீபக்கரில் 'மெம்' கட்டளையால் எந்த அட்ரஸ் பகுதியை எப்படி அணுகலாம் என்று வரையறுக்கலாம், வரையறுக்காத பகுதிகளைத் தொடவே கூடாது என்றும் சொல்லலாம். சிப்பின் ரெஜிஸ்டர்களை விவரிக்கும் ஆர்ம் நிறுவனத்தின் எஸ்விடி ஃபைல் அமைப்பில், படித்தால் நிலை மாறும் ரெஜிஸ்டர் எது என்று குறிப்பதற்கென்றே 'ரீட் ஆக்‌ஷன்' என்ற புலம் இருக்கிறது. ரெஜிஸ்டர் பெயர்களைக் காட்ட அதே எஸ்விடி ஃபைலைத்தான் நீங்களும் திறக்கிறீர்கள். பெயரைப் படிக்கிற மென்பொருள் அந்தப் புலத்தையும் படிக்கலாமே. ஃபைலில் அது நிரப்பப்படாமல் இருந்தால், ஹெக்ஸ் 40000000 முதல் 5FFFFFFF வரை யூசார்ட் போன்றவை இருக்கும் பெரிஃபெரல் பகுதியைப் படிக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிறிய குறை ஒன்றும் உண்டு. நகரும் பாயிண்டரை மெமரி விண்டோவில் கொடுத்தால், கொடுத்த நேரத்து அட்ரஸிலேயே அது நின்றுவிடுகிறது. கடைசி இடத்துக்குப் பின் முதல் இடத்துக்கே திரும்பும் ரிங் பஃபரில் பாயிண்டர் முன்னே போய்விட்ட பிறகும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோவில் இதைத் தானாக மறுகணக்கிட ஒரு பட்டன் உண்டு. உங்களிடமும் அப்படி ஒன்று வேண்டும்.

நான் கேட்பது இதுதான்: டூல்டிப்பும் ஓடும்போது புதுப்பிப்பதும் பெரிஃபெரல் பகுதியைத் தொடாதபடி உடனே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதுவரை கையேட்டிலும் அந்த விண்டோவிலும் எச்சரிக்கை போடுங்கள். திருத்தம் வரும்வரை ஆகும் காலத்தை என் லைசென்ஸில் கட்டணமின்றிச் சேர்த்துக் கொடுங்கள். திருத்தும் எண்ணமே இல்லை என்றால், ப்ரோபைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் சப்போர்ட் பதிலில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துவதை அது வணிக நோக்கமாகக் கணக்கிடுவதில்லை. நான் தனியாள், என்னிடம் வேலை பார்ப்பவர் யாரும் இல்லை.

செய்து பார்ப்பதற்கான சிறு புரோகிராமையும் திரைப்பதிவையும் இத்துடன் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில், மின்னஞ்சலில் அனுப்புங்கள். மறுபடி நிறுவச் சொல்லும் பதிலாக இருந்தால், இந்தக் கடிதத்தை உங்கள் டெவலப்மென்ட் குழுவுக்கு அனுப்பிவைத்து, அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், சோதனைப் புரோகிராம், திரைப்பதிவு