படுகளத்து விடியலில் காத்து நிற்கும் வாத்தியார்: பாரத விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவை முன்னின்று நடத்தும் தர்மகர்த்தாக்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் விழாக் குழு இளைஞர்களுக்கும் வணக்கம்.

தை பிறந்துவிட்டது. இன்னும் சில நாளில் நீங்கள் கோயில் திண்ணையில் கூடித் தலைக்கட்டு வரியைப் பேசி முடிப்பீர்கள். கொடியேற்றம் என்றைக்கு, பாரதம் படிக்க யாரை அழைப்பது, எந்தத் தெருக்கூத்துக் குழுவுக்கு, நம் பேச்சில் ஜமாவுக்கு, தாம்பூலம் வைப்பது என்று முடிவு செய்வீர்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்பே இம்மடல் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். நான் பாலக்கோடு பக்கத்தில் பிறந்து, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கூத்தாடியவன் அல்லன், ஆனால் பக்கத்து ஊரில் ஜமா வைத்து நடத்திய ஒரு வாத்தியாருக்குப் பதினொரு ஆண்டுகள் கணக்கு நோட்டு எழுதிக் கொடுத்தவன். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தாம்பூலம் மாற்றும் அன்றே, பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கை வாத்தியார் கையில் முன்பணமாகக் கொடுங்கள். மீதியை, துரியோதனன் வீழும் படுகளத்தன்று, ஜமா வண்டி ஏறுவதற்கு முன்பே முழுவதுமாகத் தீர்த்துவிடுங்கள்.

வாத்தியார் என்று ஒரே சொல்லில் நாம் அழைக்கும் மனிதர் மூன்று பேருடைய வேலையைச் செய்கிறார். வேடம் கட்டி விடிய விடிய ஆடுகிறார். அது எல்லோருக்கும் தெரிகிறது. யாருக்கு எந்த வேடம் பொருந்தும், எந்த விருத்தத்தை எந்த ராகத்தில் எடுப்பது, புதிதாக வந்த பையனுக்கு அடவு எங்கே பிசகுகிறது என்று பார்த்துத் திருத்துகிறார். அது பாதி தெரிகிறது. மூன்றாவது வேலை பணம் புரட்டுவது. அது யார் கண்ணிலும் படுவதில்லை. நம் பக்கத்து ஆண்கள் மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள் என்பது நீங்கள் அறியாததல்ல. கூத்தாடிகளும் அவர்களில் அடக்கம். பெங்களூரில் கான்கிரீட் சுமந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பங்குனியில் திரௌபதி வேடத்துக்கு வரவழைக்க வேண்டுமென்றால், தை மாதமே அவர் வீட்டில் முன்பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் அன்றாடக் கூலியை விட்டு வர மாட்டார், அல்லது வேறு ஜமாவுக்குப் போய்விடுவார். அப்படி முகவீணைக்காரர், மத்தளக்காரர், கட்டியங்காரன் என்று பதினைந்து பேர். இத்தனை பேருக்கும் வாத்தியார் வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கிறார். அந்த வட்டி தையில் தொடங்கி ஆடி வரை ஓடுகிறது. கூத்து முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு நாளும் அவர் நோட்டில் ஒரு வரியாக ஏறுகிறது. அந்த வரிகளை என் கையால் எழுதியிருக்கிறேன்.

ஓர் இரவு கர்ண மோட்சக் கூத்துக்கு முன் அந்த வாத்தியார் வேடம் கட்டுவதை அருகில் இருந்து பார்த்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாதான் ஒப்பனை இடம். மற்றவர்கள் அரிதாரம் பூசி, மர அணிகளான கட்டை கட்டி, தோளில் புஜகீர்த்தியை இறுக்கிக்கொண்டிருக்க, அவர் கடைசி வரையில் தம் முகத்தைத் தொடவே இல்லை. ஆட்களை எண்ணினார், ஒருவர் குறைந்தார். டீ எல்லோருக்கும் வந்ததா என்று கேட்டார். கர்ணன் மனைவி பொன்னுருவியின் வேடத்துப் பையனை எதிரே உட்கார வைத்து, கர்ணனைத் தடுக்கும் இடத்தில் குரல் எங்கே உடைய வேண்டும் என்று இரண்டு முறை தாமே பாடிக் காட்டினார். இடையில் வண்டிக்காரர் கைப்பேசியில் அழைத்துப் பழைய பாக்கியைக் கேட்டார். தணிந்த குரலில் தவணை சொன்னார். பிறகுதான் கண்ணாடியை எடுத்தார். இருபது நிமிடத்தில் துரியோதனன் எழுந்து திரைக்குப் பின்னால் போய் நின்றான். நள்ளிரவு தாண்டியதும் கர்ணன் வேடக்காரருக்கு அடி மறந்துபோனது. நண்பன் கலங்கி நிற்பதாகத் துரியோதனன் இரண்டு வரி வசனம் கட்டி, அதற்குள் விட்டுப்போன அடியின் முதற்சொல்லை வைத்துக் கொடுத்தான். அவரும் பிடித்துக்கொண்டு பாடிவிட்டார். சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஆடிக்கொண்டே பிறரை ஆட்டுவிக்கும் இந்தத் திறமைக்கு நாம் தனியாக ஒரு பைசா கொடுப்பதில்லை.

தமிழ் நாடகத்தின் வரலாறே இப்படிப்பட்டவர்களால் ஆனது. நடிகராகத் தொடங்கி, நாடகங்கள் எழுதி, பயிற்றுவித்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்கிறோம். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்களே. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரும் எழுதினார், இயக்கினார், நடித்தார். ஆனால் அவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. நாடகம் அவருக்குச் சோறு போட வேண்டியிருக்கவில்லை. நம் வாத்தியாருக்கோ, அவரை நம்பி வந்த பதினைந்து குடும்பங்களுக்கோ வேறு வழி இல்லை. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தோற்றுவித்த ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கான வழியைத் தெருக்கூத்தில் கண்டவர்; தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானைத் தம் நடிகர்களுக்கு ஆசிரியராக அழைத்தார். சென்னைக்காரர்கள் தேடி வந்து கற்ற கலை நம் கோயில் வாசலில் ஆண்டுதோறும் ஆடப்படுகிறது என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமை கணக்குத் தீர்க்கும் நாளில் மட்டும் எங்கே போகிறது?

ஒரு கசப்பான நிகழ்ச்சியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். அர்ஜுனன் தபசு அன்று கோடை மழை பிடித்துக்கொண்டது. தபசு மரம் வழுக்கிற்று. ஆனாலும் அர்ஜுனன் வேடக்காரர் ஏறினார், உச்சியில் நின்று பாடினார், எலுமிச்சம் பழங்களை வீசினார்; பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையுடன் கீழே காத்திருந்த பெண்கள் மடியேந்தி வாங்கிக்கொண்டார்கள். ஆயினும் மழையால் கூட்டம் கலைந்துவிட்டது என்று சொல்லி, அந்த இரவுக்குப் பாதிப் பணம்தான் தந்தார்கள். அதே விழாவில் பாட்டுக் கச்சேரிக்கும் ஒலி ஒளி அமைப்புக்கும் முழுத்தொகையும் முன்கூட்டியே போய்விட்டிருந்தது. வாத்தியார் வாக்கு மாறாமல் ஆட்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தார். அதற்காகக் கிரீடமும் மார்பதக்கமும் வைத்திருந்த பெட்டியை வேறொரு ஜமாக்காரரிடம் அடகு வைத்தார். அடுத்த பங்குனியில் தம் கிரீடத்தைத் தாமே இரவு வாடகைக்கு எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். அதற்கடுத்த ஆண்டு ஜமாவே கலைந்தது. பொன்னுருவியாக ஆடிய அந்தப் பையன் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கிறான்.

பத்து இரவுக் கூத்தை மூன்றாகக் குறைத்த ஊர்கள் உண்டு. இளைஞர்கள் பார்க்க வருவதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். என் அனுபவத்தில், நல்ல வேடக்காரர்கள் இருக்கும் ஜமா வந்தால் இளைஞர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நல்ல வேடக்காரர்களைத் தையிலேயே நிறுத்திவைக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் உங்கள் முன்பணத்திலிருந்து வர வேண்டுமே தவிர, கந்து வட்டிக்காரரிடமிருந்து அல்ல. மழையோ மின்தடையோ வந்து கூத்து நின்றாலும் என்ன தருவோம் என்பதையும் தாம்பூலத்தன்றே ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பக்கம் போதும்.

பதினெட்டாம் போர் முடிந்த விடியலில், மண்ணால் செய்த துரியோதனனின் பெரிய உருவத்தைச் சுற்றி ஓடி, பீமனிடம் தொடையில் அடிபட்டு வாத்தியார் விழுகிறார். திரௌபதி கூந்தல் முடிகிறாள். ஊர் குலவையிட்டுக் கலைகிறது. அதன்பின் வியர்வையில் அரிதாரம் வழிய, கட்டையை அவிழ்க்காமலேயே, இரவெல்லாம் தர்பார் நடத்திய அந்தத் துரியோதனன் உங்கள் கொட்டகை வாசலில் கைகட்டி நிற்கிறார்; நீங்கள் தீமிதிக்கு விறகுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டு அவரை அப்படி நிற்க வைக்காதீர்கள். ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, வெற்றிலைத் தட்டில் முழுத்தொகையையும் வைத்துக் கொடுத்த பிறகு விறகைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக் கூத்துப் பார்வையாளன் ஒருவன்