ஆண்டறிக்கை: பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தரும் நம் சங்கத்தின் இந்த வருடம்

அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள் குறித்தபடி நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் அந்த இரண்டையும் இதோடு விட்டுவிட்டு நேராக வகுப்புகளுக்கு வருகிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். எதைக் காட்டினாலும் முதல் பத்து நிமிடம் நாம் பெயர் சொல்லக் கூடாது, விளக்கக் கூடாது, பிள்ளைகள் பார்க்கட்டும், வரையட்டும், வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும் என்று. இந்த வருடம் உருப்படியாக நடந்தது எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தால்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அதைக் கடைப்பிடிப்பது நம்மில் பலருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முக்கியமாக ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு.

முதல் வகுப்பில் ஒரு தட்டில் கூழாங்கல், காய்ந்த அவரை விதை, நத்தை, ஒரு இலை வைத்து, இதில் உயிர் உள்ளது எது என்று கேட்டோம். நத்தைக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். இலைக்குப் பாதிப் பேர். விதைக்கு ஒருவரும் இல்லை. மேகத்துக்கு உயிர் உண்டு, ஏனென்றால் அது நகர்கிறது என்றான் ஒரு பையன். இது அவன் ஒருவனின் குழப்பம் இல்லை, அசைவதெல்லாம் உயிர் என்று சிறு பிள்ளைகள் எண்ணுவதை 1920களிலேயே ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் பிள்ளைகளிடம் பேசிப் பேசிப் பதிவு செய்திருக்கிறார். அதனால் யாரும் ‘தப்பு’ என்று சொல்லவில்லை. விதையை ஊறப்போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் விதை பருத்துத் தோல் சுருங்கியிருந்ததைப் பார்த்த ஒரு சிறுமி, “நேத்து செத்துப் போயிருந்துச்சு, இன்னிக்கு உயிர் வந்துருச்சு” என்றாள். சரி, செத்த விதை எப்படி இருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து, “வேக வெச்சிட்டு ஊறப்போடலாம்” என்று பதில் வந்தது.

வேகவைத்ததும் ஊறிப் பருத்துத்தான் நின்றது. பிள்ளைகளுக்கு ஒரே திகைப்பு, ஏனென்றால் பருத்தால் உயிர் என்று அதற்குள் முடிவு கட்டியிருந்தார்கள். விதை தண்ணீரை உறிஞ்சுவதற்கு உயிர் வேண்டியதில்லை, காய்ந்த மரக்கட்டைகூட ஊறும். நான்கு நாளில் ஒரு கிண்ணத்தில் வெள்ளை வேர் கீழ்நோக்கி வளைந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் நாற்றம். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வகுப்பில் முளைத்த தொட்டிகளில் பாதியை அட்டைப்பெட்டிக்குள் மூடிவைத்தோம். ஒரு வாரத்தில் பெட்டிக்குள் இருந்தவைதான் உயரம்! இருட்டில்தான் செடி நன்றாக வளரும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் தவறான பாடத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டுவைத்தோம். விதையிலையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் அந்த வெளிறிய மஞ்சள் தண்டுகள் துவண்டு விழுந்தன, வெளியில் இருந்தவை குட்டையாக, பச்சையாக, நிமிர்ந்து நின்றன. செடி மண்ணைத்தானே சாப்பிடுகிறது, பெட்டிக்குள்ளும் மண் இருந்ததே என்று அப்போது ஒரு கேள்வி வந்தது. வான் ஹெல்மாண்ட் என்ற பழைய ஐரோப்பிய விஞ்ஞானியின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது: ஏறத்தாழ 90 கிலோ மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார், மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது, மண் குறைந்தது சுமார் 57 கிராம். 1648இல் அச்சில் வந்த கணக்கு இது. அதை வைத்து மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார், காற்றுக்கு அதில் பங்கு உண்டு என்பது அப்போது தெரியாது. பெரிய விஞ்ஞானியும் பாதிதான் கண்டுபிடித்தார் என்று கேட்டதும் பிள்ளைகளின் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் அந்தக் கூட்டுப்புழு. எலுமிச்சைச் செடியிலிருந்து எடுத்த பச்சைப் புழுவை வலைமூடிய பாட்டிலில் வளர்த்தோம், தினமும் புது இலை போட்டார்கள், தொட்டால் அது தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல நீட்டுவதை வரைந்தார்கள், கூடு கட்டியதும் நாள் எண்ணினார்கள். ஒரு காலை பார்த்தால் கூட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை, பாட்டில் முழுக்கப் பொடிப்பொடியான குளவிகள். இரண்டு பேர் அழுதார்கள். பாட்டிலை மறைத்துவிடலாமா என்று வகுப்பாசிரியர் என்னிடம் கேட்டார். வேண்டாம், பார்க்கட்டும் என்றேன். குளவி அதற்குள் முட்டையிட்டிருக்கிறது, அதன் குஞ்சுகள் உள்ளே இருந்ததைத் தின்று வளர்ந்திருக்கின்றன என்பதை அவர்களே அரை மணி நேரத்தில் பேசிக் கண்டுபிடித்தார்கள். இந்தக் குளவி இல்லையென்றால் செடியில் இலையே இருக்காதோ என்று அழுத பெண்தான் கேட்டாள். அடுத்த கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு பள்ளியில் பாடம் முடிக்க நேரமில்லை என்று பாதியில் நிறுத்தச் சொன்னார்கள், முளைத்த தொட்டிகள் தண்ணீரில்லாமல் காய்ந்தன, எனக்கு மிகவும் வருத்தம். மண்புழு வகுப்பில் நாம்தான் தவறினோம். அது ஈரத் தோல் வழியாக மூச்சுவிடும் உயிர், உலர்ந்த கையில் அவ்வளவு நேரம் வைத்திருக்க விட்டிருக்கக் கூடாது. இனி கையை நனைத்த பிறகே தொடுவது, அன்றைக்கே எடுத்த இடத்தில் விடுவது என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

வரும் வருடம் சிலந்தியும் எறும்பும். கால்களை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம், 8, 6 என்று நாம் முந்திக்கொள்ளாமல். கை லென்ஸ்கள் சில இன்னும் திரும்பி வரவில்லை, வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துப் பொருளை அருகே கொண்டுவர வேண்டும் என்பதைப் புதிய தன்னார்வலர்களுக்கு அன்றே பழக்கிவிட வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள்.

செயலாளர்